தேனீ ஆராய்ச்சி செய்பவர் ஏன் சமூக அறிவியலும் படிக்க வேண்டும்?

விலங்கியல் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: மகரந்தச் சேர்க்கை ஆராய்ச்சிக்குப் போக ஆசை, ஆனால் சமூக அறிவியலும் படி என்கிறார்களே, அது தேவையா? தேவை. எனக்கு அது திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் ஒரு பூசினித் தோட்டத்தில் விளங்கியது.

பட்டம் முடித்த கையோடு விடியப்புறம் போய்ப் பூசினிப் பூவுக்கு வரும் தேனீக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பூசினியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ மகரந்தத் தூளைக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் பிஞ்சு வெம்பி விழும், பூவோ விடியலில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் தோட்டக்கார ஐயா மருந்து அடித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவில்லை, ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினேன். "தெரியும் பிள்ளை, பின்னேரம் அடிச்சா நல்லம் எண்டு. பொழுதேறினா கச்சான் காத்து, மருந்தெல்லாம் என்ர முகத்துக்குத்தான் வரும். அது விழுறதுக்குள்ள இருட்டிப்போகும். இருட்டினா யானை" என்றார். போதாததற்கு மருந்தடிக்க வரும் கூலிப் பையன் ஒரே நாளில் நாலு தோட்டம் போகிறவன், அவன் வரும் நேரம்தான் நேரம்.

என் தரவுத்தாளில் காற்றுக்கு ஒரு கட்டம் இருந்தது, யானைக்கும் கூலிக்கும் இல்லை. தேனீ ஏன் குறைகிறது என்ற கேள்விக்கு அந்த இரண்டும் இல்லாமல் பதில் சொல்ல முடியாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் முதுகலையில் சமூக ஆய்வு முறைகளையும் சேர்த்துப் படித்தேன். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைக்காமல் கேட்பது எப்படி, யாரைக் கேட்காமல் விடுகிறோம், இவைதான் அங்கே கற்றவற்றில் பெரிது. முதல் சுற்றில் நான் ஆண்களிடம் மட்டும்தான் பேசியிருந்தேன். கத்தரிப் பூவில் தூள் குழாய்க்குள் இருக்கும், பூவைப் பிடித்துக்கொண்டு உதறி அதிரவைத்தால்தான் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீயால் அது முடியாது, கருவண்டு என்று சொல்லும் பெரிய கரிய தச்சுத் தேனீயால் முடியும். மூதூரில் கத்தரி ஆய்கிற ஒரு அக்கா, கம்பு வேலி போய்ச் சீமெந்துத் தூண் வந்த பிறகு கருவண்டைக் காணவில்லை என்றார். கருவண்டு கூடு வைப்பது காய்ந்த மரத்தைத் துளைத்துத்தான். அடுத்த பருவத்தில் கருவண்டுகளை நான் கணக்கெடுத்தது வேலிகளை வைத்து.

வெருகல் பக்கம் தேன் எடுக்கும் வேடர் சமூகத்துப் பெரியவர்கள் இதைவிடப் பெரிய ஆசிரியர்கள். 2016 இல் வந்த ஐபிபிஇஎஸ் (IPBES) என்ற, பல்லுயிர் பற்றிய பன்னாட்டு அறிவியல் அமைப்பின் மகரந்தச் சேர்க்கை அறிக்கையே பழங்குடிகளின் அறிவை ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஆனால் அந்த அறிவு நம்முடையதில்லை. பெருந்தேனீ கூடு கட்டும் மரங்களை வரைபடத்தில் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டார்கள், வேறு ஆட்கள் வந்து அழித்துவிடுவார்கள் என்ற பயம். குறித்து வைத்திருந்த புள்ளிகளை எல்லாம் எடுத்துவிட்டேன், கட்டுரை மெலிந்தது, பரவாயில்லை.

சிரமம் உண்டு. பூச்சிக்காரர்களுக்கு நான் கதை கேட்கிறவள், சமூகவியலாருக்கு எண் பிடித்தவள். புள்ளியியலை மட்டும் விட்டுவிடாதீர்கள். களத்துக்குப் போனால் முதல் இரண்டு காலை பூவோடு நில்லுங்கள், மூன்றாம் நாள் வீட்டுக்காரர் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவார், குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டுப் போங்கள்.