வீட்டுலயே தொழில் நடந்தா ஊர்ல வேலை தங்குமா?

வீட்டுல இருந்தே பொருள் தயாரிச்சா கிராமத்து ஆளுங்க வேலை தேடி வெளியூர் போறது நிக்குமான்னு கேட்டிருக்கீங்க. நிக்குமுங்க. சோமனூர், பல்லடம் பக்கம் வூட்டையொட்டி ஒரு குடோன் போட்டு நாலு, ஆறுன்னு விசைத்தறி ஓட்டற குடும்பம் இன்னைக்கும் ஏகப்பட்டது இருக்கு, நாங்களும் அதுல ஒண்ணு. ஆனா நூல் யாரோடது, கூலியை யாரு முடிவு பண்றாங்கங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

தறி ஓடினா எங்க வீடு மட்டும் பொழைக்கறதில்லைங்க, பாவு (துணியோட நீளவாக்கு நூல்) பிணைக்கறவரு, ஃபிட்டர், பாவுக்கு கஞ்சி போடற சைசிங்ல வேலை செய்யறவங்க, பாவு சுத்தின பீம் உருளையை ஏத்தி வர்ற டெம்போக்காரரு, ஸ்பேர் கடைக்காரருன்னு பத்து மைலுக்குள்ள அத்தனை பேருக்கும் சோறு. அந்த வகையில இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியல.

வூட்டு வேலைன்னா ஓய்வு நேரத்துல பார்க்கறதுன்னு சிலபேரு நினைக்கறாங்க, அது தப்புங்க. ஊடை (குறுக்குவாக்கு நூல்) அறுந்தா தறி தானா நின்னுரும், ஆனா பாவுல ஒரு இழை அறுந்தா எங்களோட தறி தானா நிக்காது, பார்க்கலைன்னா துணி நீளத்துக்கும் கோடு விழுந்துட்டே போகும். அதனால எங்கம்மா அடுப்புல சோத்தை வெச்சுட்டு குடோனுக்கும் சமையலறைக்கும் நடந்துட்டே இருப்பாங்க, நடுவுல ஊடை நூல் சுத்தின தாரும் மாத்தணும். அந்த உழைப்புக்கு தனியா ஒரு ரூபா கிடையாது, ஒரு கூலிக்கு குடும்பமே உழைக்குது.

அந்தக் கூலிதான் பிரச்சினையே. பாவும் ஊடையும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பாரு, நாம நெய்ஞ்சு துணியாக் கொடுத்தா கூலி. தறி நம்முளது, கடன் நம்முளது, தேய்மானமும் நம்முளது, ரேட்டு மட்டும் நம்ம கையில இல்ல. 2022-லயும் 2025-லயும் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டத்துல தறியை நிறுத்திட்டு உக்காந்தோம். 2023-ல விசைத்தறிக்கு இலவச கரண்ட் ரெண்டு மாசத்துக்கு 750 யூனிட்டுல இருந்து 1000 ஆச்சு, நெசமாவே உதவிதான், ஆனா கூலி ஏறாம கரண்ட் சலுகைய மட்டும் வெச்சு எத்தனை நாள் ஓட்டறது? தறியைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு பனியன் கம்பெனி வேலைக்குப் போனவங்க எங்க வீதிலயே இருக்காங்க.

திருப்பூர்ல கம்பெனியில தைச்ச பனியனை வீட்டுக்கு வாங்கிட்டு வந்து நூல் பிசிர் வெட்டற அக்காமாருங்க நிலைமை இன்னும் மோசம். உருப்படிக்கு இவ்வளவுன்னுதான் கூலி, ஆர்டர் குறைஞ்சா மொதல்ல நிக்கறது அவங்க வேலைதான்.

சென்னிமலையைப் பாருங்க. அங்க கைத்தறி கூட்டுறவு சங்கமே நெசவாளிக்கு நூல் கொடுத்து, நெய்ஞ்ச பெட்ஷீட்டை வாங்கி விக்கும். கைத்தறி கூட்டுறவுத் தலைவரா இருந்த எம்.பி. நாச்சிமுத்து (எம்.பி.ங்கறது இனிஷியல்) மாதிரி பெரியவங்க சங்கங்களை வளர்த்துவிட்டதால வூட்டுல தறி இருந்தும் நெசவாளி தனியாள் ஆகல. கைத்தறிக்கும் நெருக்கடி உண்டு, மறுக்கல. ஆனா நூல் கொடுத்து துணியை வாங்கி விக்க சங்கம்னு ஒண்ணு இருக்குது பாருங்க, கூலிக்கு ஓட்டற எங்களுக்கு அப்படி இல்ல.

நீங்க உங்க ஊர்ல ஆரம்பிக்கறதா இருந்தா மிஷின் வாங்கறதுக்கு முன்னாடி அதே வேலை செய்யற பத்து வூட்டுக்காரங்களைக் கூட்டி உக்கார வெச்சு ரேட்டு பேசுங்க. எடுக்கற சரக்கு எடை, கொடுக்கற சரக்கு எடை, கூலி மூணையும் நோட்டுல எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிக்கோங்க. கரண்டுக்கு தனி சர்வீஸ் (தனி இணைப்பு) கேட்டு எழுதிக் கொடுங்க, வூட்டு லைன்ல தறி ஓட்டாதீங்க.