மல்லிகைக்கு எவ்வளவு நிலம் வேண்டும்?

கேள்வி: கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் இருக்கிறது. முழுவதும் மல்லிகை நடலாமா? எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: சகோதரி, விடியுமுன் எழுந்து மொட்டுப் பறிக்க எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று முதலில் எண்ணுங்கள், நிலத்தைப் பிறகு அளக்கலாம். மொட்டு மலர்ந்துவிட்டால் விலை விழுந்துவிடும். ஆள் வராத நாளில் ஒரு ஏக்கர் பூவும் செடியிலேயே விரிந்து நிற்பதைக் காணச் சகிக்காது. 30 சென்டில் தொடங்குங்கள்.

செடிக்குச் செடியும் வரிசைக்கு வரிசையும் ஒன்றேகால் மீட்டர் விடுங்கள். கணக்குப்படி 30 சென்டில் ஏறத்தாழ 770 செடிகள் பிடிக்கும்; வரப்பு, வாய்க்கால் போக 700 பதியன் (வேர்விட்ட கன்று) போதும். நான் ஆசைப்பட்டு மூன்றடியில் நட்டேன். மூன்றாம் ஆண்டில் புதர்கள் பின்னிக்கொண்டன. பறிக்கப் போன என் மனைவியின் சேலை மாட்டி, மொட்டும் கிளையுமாக ஒடிந்து வந்தது. நவம்பர் கடைசியில், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்ய உள்ளே நுழையவே வழியில்லை. வளர்ந்த செடிகளை நானே பிடுங்கினேன். இன்றும் மனம் ஆறவில்லை.

கிணற்றோரம் ஒரு சென்டைக் காலியாக விடுங்கள். பறித்த பூவை ஈரச் சாக்கில் கொட்ட நிழல் வேண்டும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நடவே வேண்டாம், வேர் அழுகிவிடும்.