கலியாணம் நின்றுவிட்டது, மோதிரம் கையில் இருக்கிறது: கேள்வி பதில்

அப்பா திருகோணமலையில் பத்தர். பட்டறை வீட்டுத் திண்ணையில்தான் இருந்தது. நான் அ, ஆ எழுதப் பழகியதும் பவுண் நிறுக்கப் பழகியதும் ஏறக்குறைய ஒரே காலம். பிறகு ஒரு வங்கியின் அடகுப் பிரிவில் 26 வருடம் இருந்தேன். இப்போது தம்பியின் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். நின்றுபோன கலியாணங்களின் மோதிரங்கள் இரண்டு இடத்திலும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். பெயர் வேண்டாம், நமது ஊர் சின்னது.

உவர்மலையிலிருந்து ஒரு தங்கை: நிச்சயம் முடிந்து எட்டு மாதம். போன மாதம் அவர் "சரிவராது" என்று வட்சப்பில் ஒரு வரி அனுப்பி முடித்துவிட்டார். காரணம் சொல்லவில்லை. இப்போது அவருடைய அம்மா மோதிரத்தைக் கேட்டு நாளுக்கு இரண்டு தரம் போன் எடுக்கிறார். கொடுத்தே ஆகவேண்டுமா அக்கா?

தங்கச்சி, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் இங்கே ரோமன் டச்சுச் சட்டத்தின் வழிதான். நியாயமான காரணமில்லாமல் முறித்தவர் தான் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. வாங்கியதை மட்டும் திருப்பிக் கொடுக்கவேண்டும். இரண்டு பேரும் மனமொத்து விலகினால் அவரவர் கொடுத்தது அவரவருக்கு. பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த செருப்பு, கேக் போன்ற சில்லறைகள் இந்தக் கணக்கில் வராது. (யாழ்ப்பாணத்து உறவினர் யாராவது தேசவழமை என்று தொடங்குவார். அது வடபகுதித் தமிழருக்கான சட்டம், திருகோணமலைக்காரரைக் கட்டாது.) ஆகவே நீங்கள் சொன்னதுதான் நடந்தது என்றால் மோதிரத்தை வைத்துக்கொள்ள உங்களிடம் நல்ல நியாயம் இருக்கிறது.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொடுத்துவிடுவேன். அது அலுமாரியில் இருக்கும்வரை அந்த அம்மா போன் எடுப்பார். உங்களுக்கு அரைப் பவுண் மிஞ்சும், அவருக்கு ஊரெல்லாம் கதைக்க ஒரு கதை மிஞ்சும்.

கொடுக்கிற விதத்தில் கவனமாக இருங்கள். தனியாகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முந்தின நாள் ஒரு நகைக்கடையில் நிறுத்து, தராசின் இலக்கம் தெரிய மோதிரத்தைப் போட்டோ எடுங்கள். உள்பக்க முத்திரையையும், கல்லைக் கிட்டத்திலும் எடுங்கள். பிறகு ஒரு தாளில் "மோதிரம் ஒன்று, 4.120 கிராம், 916 முத்திரை, வெள்ளைக் கல் ஐந்து" என்று எழுதி, இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கையெழுத்து வைக்கவேண்டும். உங்கள் வீட்டிலிருந்து அவருக்குப் போட்ட சங்கிலி, கைக்கடிகாரம் எல்லாம் அதே நாள், அதே மேசையில் திரும்பி வரவேண்டும். இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று நினைப்பீர்கள். திருப்பிக் கொடுத்த மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் நாள் கடைக்கு வந்து, "கல்லை மாற்றிவிட்டார்கள், பாருங்கள்" என்று நின்ற ஒரு மாமியை நான் பார்த்திருக்கிறேன். கல் மாறவில்லை. அழுக்குப் பிடித்திருந்தது. சவர்க்காரத் தண்ணீரில் போட்டுப் பழைய பல் பிரஷால் நான்கு தரம் தேய்த்தேன், மின்னியது. மாமி ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி: அம்மாவின் சங்கிலியை அடைவு வைத்துத்தான் அந்த மோதிரத்தை வாங்கினேன். அவள் வேறு இடத்தில் சம்மதித்துவிட்டாள். மோதிரமும் வரவில்லை, காசும் இல்லை. வழக்குப் போடலாமா?

உங்கள் வீட்டில் எரிகிற நெருப்பு மோதிரத்தில் இல்லை தம்பி, சங்கிலியில் இருக்கிறது. மோதிரம் அவளிடம் கிடந்தால் கிடக்கட்டும், அது வட்டி கேட்காது. அடகுச் சீட்டைக் கையில் எடுத்துத் தவணைத் திகதியைப் பாருங்கள். வட்டியை மட்டுமாவது கட்டித் தவணையைப் புதுப்பிக்க முடியுமா என்று இந்தக் கிழமையே வங்கியில் கேளுங்கள். தவணை கடந்தால் அறிவித்தல் வரும், அதற்கும் அசையாவிட்டால் ஏலம். அம்மாவின் சங்கிலி ஏலத்துக்குப் போன வீட்டில் மோதிரம் திரும்பி வந்து என்ன பயன்?

மோதிரத்துக்கு நேரே நீதிமன்றம் வேண்டாம். முதலில் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபைகள் அவை. சட்டத்தரணிக்குக் காசு கொட்டாமல் இரண்டு பக்கத்தையும் இருத்திக் கதைக்கிற இடம். முறித்தது அவள் என்றால் கேட்பதில் நியாயம் இருக்கிறது, பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். மோதிரத்தோடு மானநஷ்டமும் கேட்கச் சொல்லி யாராவது உசுப்பேற்றுவார்கள். கலியாண வாக்கை மீறியதற்கு நட்டஈடு கேட்பதென்றால் அந்த வாக்கு எழுத்தில் இருந்திருக்கவேண்டும். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வாயால் கொடுத்த வாக்கோடு போனால் வெறுங்கையோடுதான் திரும்பவேண்டும்.

பெயர், ஊர் இல்லாமல்: சுவாமிமலையில் (நமது கோணேசர் கோயில் மலை) ஏறி, இராவணன் வெட்டுப் பக்கம் நின்று மோதிரத்தைக் கடலில் எறிந்துவிடலாம் என்று இருக்கிறேன்.

இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன். அந்த மலைக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரே காதலர் பாய்ச்சல். பிரான்சினா வான் ரீடே என்ற டச்சுப் பெண், நிச்சயித்தவன் கப்பலேறிப் போனதைப் பார்த்து அங்கிருந்து குதித்தாள் என்பது கதை. 1687 என்று வெட்டிய தூண் சாட்சி என்பார்கள். அவள் குதிக்கவே இல்லை, பிறகு கலியாணம் முடித்து இருந்தாள் என்று பழைய பதிவுகளைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது கதைதான் பிடிக்கும்.

எறிவதென்று முடிவென்றால் உங்கள் மோதிரம், உங்கள் விருப்பம். ஆனால் அது உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள். அடுத்த மாதம் அவர்கள் கேட்டு வந்தால் கடலைக் காட்ட முடியாது. அங்கே தொலைந்தது திரும்புவதும் லேசில்லை. போர்த்துக்கேயர் இடித்த பழைய கோணேசர் கோயிலின் கற்களை அந்தக் கடலடியில் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல்தான் கண்டார்கள். முந்நூறு வருடத்துக்கு மேல் போயிருந்தது. கோயில் பக்கம் போகத்தான் மனம் சொல்கிறது என்றால் உண்டியலில் போடுங்கள். பவுணாவது வீணாகாது.

பாலையூற்றிலிருந்து ஓர் அண்ணா: திரும்பி வந்த மோதிரத்தை விற்கப் போனேன். வாங்கிய விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்றுகிறவர்களும் உண்டு, ஆனால் பெரும்பாலும் கணக்கே அப்படித்தான். கல் பதித்த ஒரு மோதிரத்தை எடுத்துக்கொள்வோம். தராசில் 4.5 கிராம். கல்லுக்கு 0.3 கழித்தால் தங்கம் 4.2. இருபத்திரண்டு கரட் என்றால் இருபத்து நான்கில் இருபத்திரண்டு பங்குதான் தங்கம், ஆகவே சுத்தத் தங்கம் 3.85 கிராம். வாங்கும்போது செய்கூலி கொடுத்தீர்கள், சேதாரம் கொடுத்தீர்கள், கல்லுக்கும் விலை கொடுத்தீர்கள். விற்கும்போது அந்த மூன்றுக்கும் சதம் தரமாட்டார்கள். பழைய நகை வாங்குகிற விலையும் பலகையில் எழுதியிருக்கிற விலையைவிடக் குறைவு. வங்கியில் அடகு வைத்தாலும் கல்லைக் கணக்கில் எடுக்கமாட்டோம். எத்தனையோ பேர் அதற்காக என்னோடு சண்டை பிடித்திருக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த மோதிரம் என்றால் உள்ளே பாருங்கள். 750 என்றால் 18 கரட், 585 என்றால் 14, 417 என்றால் 10. அதே 4.2 கிராம் 10 கரட்டில் சுத்தத் தங்கம் 1.75 கிராம்தான். கனடா மாப்பிள்ளை பித்தளையை அனுப்பினார் என்று சொல்லாதீர்கள், அங்கே அப்படியும் செய்து விற்பார்கள்.

உரைப்பது உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். கறுப்பு உரைகல்லில் உங்கள் மோதிரத்தால் ஒரு கோடு, தரம் தெரிந்த தங்கத்தால் பக்கத்தில் ஒரு கோடு. இரண்டிலும் ஒரு சொட்டு அமிலம். கலப்புக் கூடியது முதலில் மங்கும். பார்த்துக்கொண்டு நிற்கும்போதே தெரியும். மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிற கடையில் விற்காதீர்கள். அவசரக் காசு வேண்டாம் என்றால் வாங்கிய கடைக்கே பற்றுச்சீட்டோடு போய் வேறு நகைக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் காசாகக் கேட்பதைவிட அதில் நட்டம் குறைவு.

சாம்பல்தீவிலிருந்து ஒரு பிள்ளை: என்னுடையது நீலக்கல் மோதிரம். நீலம் சனிக்குரியது, அதனால்தான் முறிந்தது என்று அம்மம்மா சொல்கிறார். யாரும் வாங்கமாட்டார்களா?

அம்மம்மாவோடு நான் வாதாடப் போவதில்லை. ஆனால் இதையும் அவருக்குச் சொல்லுங்கள். 1981இல் டயானாவின் விரலில் ஏறியது நம்முடைய இலங்கை நீலக்கல், 12 கரட் நிறை. அந்தக் கலியாணம் எப்படி முடிந்தது என்று அம்மம்மாவுக்கே தெரியும். அதே மோதிரத்தை 2010இல் மகன் வில்லியம் தன் பெண்ணுக்குப் போட்டார்.

கல் உண்மை என்றால் மோதிரத்தில் விலையான பகுதி அதுதான். கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் சோதித்துச் சான்றிதழ் வாங்கலாம். சூடு காட்டி நிறமேற்றிய கல்லா, செயற்கைக் கல்லா என்று பார்த்துச் சொல்வார்கள். அதுவரைக்கும் கல்லைக் கழற்றவும் வேண்டாம், பவுண் விலைக்கு மோதிரத்தோடு தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

தம்பலகாமத்திலிருந்து ஓர் அக்கா: மகளின் மோதிரம் எங்களோடு நின்றுவிட்டது. உருக்கி மகனின் பொன்னுருக்கில் (தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கில்) சேர்க்கலாமா?

வேண்டாம் அக்கா. தங்கத்துக்கு ஞாபகம் கிடையாது, 1064 பாகைச் சூட்டில் எல்லாச் சுத்தத் தங்கமும் ஒரே மாதிரித்தான் உருகும். ஆனால் பொன்னுருக்குக்கு வருகிறவர்களுக்கு ஞாபகம் உண்டு. அதற்குப் புதுப் பவுண் காசு வாங்குங்கள். மோதிரத்தை உருக்கி மகளுக்கே ஒரு சோடித் தோடு செய்யலாம். அப்பா மூசையில் (உருக்குகிற கிண்ணத்தில்) போட்டு, கொஞ்சம் வெங்காரம் தூவி, ஊதுகுழலால் ஊதுவார். முதலில் மோதிரம் வளையமாகவே இருந்து சிவக்கும், பிறகு ஒரு நொடியில் சுருண்டு கண்ணாடி மாதிரி ஒரு முத்தாக நிற்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்து பார்க்க மகளைக் கூப்பிடுங்கள். சிலர் அழுவார்கள், பரவாயில்லை. பற்றவைத்த இடங்கள் நிறைய இருந்தால் தரம் கொஞ்சம் இறங்கும், உருக்கியபின் ஒருதரம் உரைத்துப் பாருங்கள்.

லிங்கநகரிலிருந்து ஒரு தங்கை: எங்களுக்கு எழுத்து (கலியாணப் பதிவு) முடிந்துவிட்டது, தாலி கட்டவில்லை. மோதிரத்தைக் கொடுத்துவிட்டால் சரிதானே?

இல்லை. எழுத்து முடிந்தால் சட்டப்படி நீங்கள் கணவன் மனைவி. மோதிரத்தைக் கொடுத்தாலும், ஊருக்குப் பறையடித்துச் சொன்னாலும் அது மாறாது. மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து எடுக்கவேண்டும். சட்டம் ஏற்கிற காரணங்கள் மூன்றுதான்: பிறர்மனைத் தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், மணமுடிக்கும்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. மோதிரத்தைப் பிறகு பாருங்கள், நாளைக்கே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். இதை விட்டுவிட்டு இரண்டாவது கலியாண எழுத்தன்று பதிவாளர் முன்னால் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி: நிக்காஹ் ஆகவில்லை, பேச்சு மட்டும் நின்றது. நாங்கள் மாப்பிள்ளைக்குக் கொடுத்த காசும் இருக்கிறது.

உங்களுக்கு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் தனியாக இருக்கிறது. பெண்ணுக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கிற காசை அதில் கைக்கூலி என்று சொல்லியிருக்கிறார்கள். நிக்காஹ் நடந்திருந்தால் காதி நீதிமன்றம். உங்கள் விஷயத்தில் பள்ளிவாசல் பெரியவர்களை வைத்து, மேலே சொன்ன மாதிரி எழுதிக் கொடுத்து வாங்குங்கள். மோதிரத்தையும் காசையும் ஒரே தாளில் எழுதுங்கள்.

உப்புவெளியிலிருந்து: கழற்றவே வரவில்லை அக்கா. விரல் வீங்கிவிட்டது.

இழுக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்து, பிறகு பத்து நிமிடம் தலைக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். காலையில் வெயில் ஏறமுன் செய்தால் நல்லது. சவர்க்காரம் பூசித் திருகித் திருகி எடுங்கள். விரல் நீலமாக மாறினால் வீட்டு வைத்தியம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வெட்டித் தருவார்கள். வெட்டிய மோதிரத்தை எந்தப் பத்தரும் ஒட்டித் தருவார், அதை ஒட்டுவதா இல்லையா என்பதை ஆறுதலாக யோசிக்கலாம்.

மீண்டும் உவர்மலைத் தங்கை: கோபிக்கவேண்டாம். உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

நடந்தது. எனக்கு இருபத்து நான்கு வயது. மாமா ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, அப்பா நிறுத்து, கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 3.8 கிராம், சிவப்புக் கல் ஒன்று. ஆறேழு வருடம் கழித்து அவர் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். நான் அங்கே இருப்பது தெரியாது போல. கைக்குட்டையை அவிழ்த்து மோதிரத்தை வைத்தார். தராசில் போடாமலே எனக்கு நிறை தெரியும், ஆனாலும் போட்டேன். சீட்டு எழுதினேன், அவர் கையெழுத்து வைத்தார். மகளுக்குக் காய்ச்சல் என்றார். நான்காம் மாதம் வந்து மீட்டுக்கொண்டு போனார். வட்டியில் ஒரு சதமும் குறைக்கவில்லை, குறைக்கிற அதிகாரமும் எனக்கு இல்லை.