எங்கே குதிப்பது என்று சொல்லுங்கள்

கேள்வி: எங்கள் மென்பொருள் நிறுவனத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தது. அவர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 18 பேர் கொண்ட குழுவுக்கு நான் தலைவி. “நல்ல கதையாகச் சொல்லி அவர்களைத் தைரியப்படுத்துங்கள்” என்கிறார் மேலதிகாரி. ஆட்குறைப்பு இருக்குமா என்று எனக்கே தெரியாதபோது அது ஏமாற்று வேலை ஆகாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் குழு சும்மா இருக்காது. ஆளுக்கொரு கதை கட்டுவார்கள், அது நிஜத்தைவிட மோசமாகத்தான் இருக்கும். அதனால் சொல்லுங்கள். எதைச் சொல்வது என்பதில்தான் கவனம் வேண்டும்.

நோக்கியாவில் நடந்ததைப் பாருங்கள். 2011 பிப்ரவரியில் அதன் தலைமை நிர்வாகி ஸ்டீபன் ஈலோப் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வடகடலில் எண்ணெய் எடுக்கும் மேடை தீப்பற்றி எரிகிறது. அதில் மாட்டிக்கொண்டவர் குளிர்ந்த கடலில் குதித்துப் பிழைக்கிறார். நாமும் எரியும் மேடையில்தான் நிற்கிறோம் என்றார் ஈலோப். மனதில் தைக்கிற கதை. கடிதம் வெளியே கசிந்தது. சில நாட்களில், மைக்ரோசாஃப்ட்டின் போன் இயங்குதளமான விண்டோஸ் போனுக்கு மாறுவதாக அறிவித்தார்கள். ஆனால் அந்த வகையில் அவர்களுடைய முதல் போன் விற்பனைக்கு வந்தது ஆண்டின் கடைசியில். அதுவரை விற்றாக வேண்டியது, போட்டியில் நிற்காது என்று தலைவரே சொல்லிவிட்ட பழைய போன்களை! 2013இல் போன் வியாபாரத்தையே மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்க ஒப்புக்கொண்டார்கள். எல்லாப் பழியையும் கடிதத்தின் மேல் போட மாட்டேன், ஐபோனும் ஆண்ட்ராய்டும் அதற்குள் வெகுதூரம் போய்விட்டன. ஆனாலும் நாளைக் காலையில் வந்து எந்த வேலையைப் பார்ப்பது என்பதற்கு அந்தக் கதையில் பதில் இல்லை.

ஷாக்கிள்டன் செய்தது வேறு. அண்டார்டிகாவைக் குறுக்கே கடக்கப் போனவர் அவர். 1915இல் அவருடைய என்டூரன்ஸ் கப்பலைப் பனி நெரித்து உடைத்தது. கடக்கும் திட்டத்தைக் கைவிட்டு, இனி நம் வேலை வீடு திரும்புவது என்று ஆட்களிடம் சொல்லிவிட்டார். கப்பலில் இருந்த 28 பேரும் பிழைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: தொல்லை தரக்கூடும் என்று தோன்றியவர்களைத் தன் கூடாரத்திலேயே தங்க வைத்துக்கொண்டார். உங்கள் குழுவிலும் அப்படி ஓரிருவர் இருப்பார்கள். கூட்டத்துக்கு முன்னால் அவர்களிடம் தனியாகப் பேசிவிடுங்கள்.

சரி, இந்தப் பெரிய கதைகளைக் கூட்டத்தில் எடுத்துவிட வேண்டாம். சம்பளம் வருமா என்று கவலைப்படுகிறவருக்குப் பனிக்கடல் பயணம் எரிச்சலைத்தான் தரும். நான் மனிதவளப் பிரிவில் இருந்தபோது, இதேபோல ஒப்பந்தம் கைவிட்டுப் போன ஒரு குழுவின் தலைவர் செய்ததைச் சொல்கிறேன். கையிருப்புப் பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்பதை முதலில் பலகையில் எழுதினார். அப்புறம் குழுவின் மூத்த சோதனையாளரைக் கூப்பிட்டு, முன்பு ஒரு வெளியீட்டுக்கு முந்தைய இரவு தரவுத்தளம் பழுதான கதையைச் சொல்லச் சொன்னார். யார் பிழையைக் கண்டுபிடித்தார், யார் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கிக்கொண்டார், எந்த வேலையை அன்று ஒதுக்கிவைத்தார்கள், எல்லாம் பெயரோடு வந்தது. பாதியிலேயே மற்றவர்கள் குறுக்கிட்டுத் திருத்த ஆரம்பித்தார்கள். அதன் பிறகுதான் அடுத்த இரண்டு வாரத்து வேலையைப் பிரித்துக் கொடுத்தார். உங்கள் குழுவுக்கும் அப்படி ஓர் இரவு இருந்திருக்கும். அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான் என்றில்லை, அன்று கூட இருந்தவர் சொல்லட்டும்.

“என் வேலை இருக்குமா?” என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். கதையைக் கொண்டு அந்தக் கேள்வியை மூடாதீர்கள். “எனக்கு இன்னும் தெரியாது. இந்தத் தேதிக்குள் முடிவாகும், அன்று நானே வந்து சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். அந்தத் தேதியை முன்கூட்டியே மேலதிகாரியிடம் கேட்டு வாங்குங்கள். அவர் இழுத்தடித்தால் கூட்டத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை, தேதி இல்லாமல் போகாதீர்கள்.