முன்பணமும் மருத்துவரின் அறமும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நள்ளிரவில் நெஞ்சுவலியால் துடித்த அப்பாவை மும்பையின் ஓர் அறக்கட்டளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இ.சி.ஜி. தாளைப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது, “எவ்வளவு கட்ட முடியும்?” என்பதுதான். தாராவியில் இட்லிக் கடை வைத்திருக்கும் நாங்கள் அந்நேரத்தில் முன்பணமாக ஒரு லட்சத்துக்கு எங்கே போவது? அந்தத் தாளோடு சயான் மாநகராட்சி மருத்துவமனைக்கு ஓடினோம், அப்பா பிழைத்தார். மருத்துவர்களிடம் அறம் மிச்சமிருக்கிறதா?

தாராவி வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா பிழைத்தது பெரும் ஆறுதல். உங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி இரக்கமற்றது மட்டுமல்ல, விதிக்கும் புறம்பானது. மும்பை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2006 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தில், அறக்கட்டளை மருத்துவமனைகள் தம் படுக்கைகளில் 10 சதவீதத்தை வறியவர்களுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். மொத்தக் கட்டண வரவில் 2 சதவீதத்தை இதற்கான தனி நிதியில் சேர்க்க வேண்டும். உயிருக்குப் போராடும் நிலையில் வருபவரை முன்பணம் கேட்காமல் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் துணையாக வேறொரு அறக்கட்டளை மருத்துவமனையில் நின்றிருந்தேன். செலவு மதிப்பீட்டுத் தாளைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கியதைக் கவனித்த இளம் மருத்துவர், கேஸ் பேப்பரின் ஓரத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டு, “மஞ்சள் ரேஷன் கார்டு இருக்கிறதா? பணம் கட்டும் வரிசைக்குப் போகாதீர்கள், முதலில் சமூகப் பணியாளர் அறைக்குப் போங்கள்” என்றார். மகாராஷ்டிரத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்குத் தரும் அட்டை அது. அவர் தம் பையிலிருந்து ஒரு ரூபாயும் தரவில்லை. ஏழைக்கென்று ஏற்கெனவே இருந்த கதவைக் காட்டினார், அவ்வளவுதான். மருத்துவரிடம் நான் எதிர்பார்க்கும் அறம் அதுவே. கடன் வாங்கிப் படித்து, வருமானக் கணக்கு கேட்கும் நிர்வாகத்தின் கீழ் வேலை பார்ப்பவரிடம் தியாகத்தைக் கேட்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கதவு இருப்பதை அறிந்தும் நோயாளியிடம் மறைப்பவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய்க்குள் இருந்தால் இலவசம், 3,60,000 வரை சலுகை. தாசில்தாரிடம் வருமானச் சான்றிதழ் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அதற்கு அலைய முடியாது. அன்றைய இ.சி.ஜி. தாளில் தேதியும் நேரமும் அச்சாகியிருந்தால், அதன் நகலை இணைத்து அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும், வொர்லியிலுள்ள அறநிலைய ஆணையருக்கு (Charity Commissioner) புகார் எழுதுங்கள். மராத்தியில் எழுதுவது சிரமமென்றால் சொல்லுங்கள், நான் வந்து எழுதித் தருகிறேன்.