கழுத்தில் நெறி எடுத்த பின் தொங்கும் தோள்

வணக்கம். என் மனைவிக்கு வலது கழுத்தில் நெறி கட்டியிருந்தது. நான்கு மாதம் முன்பு எடுத்துப் பரிசோதித்ததில் காசநோய் என்று வந்து, மாத்திரை சாப்பிடுகிறாள். தையல் பிரித்ததிலிருந்து தோள்வலி; கொடியில் துணி போடக் கை எழும்பவில்லை. ஃப்ரோஸன் ஷோல்டர் (தோள்மூட்டு இறுகிப்போவது) என்று சொல்லி, கப்பிக் கயிற்றால் கையை இழுத்துத் தூக்கும் பயிற்சி தருகிறார்கள், வலி கூடுகிறது. தோளைக் குலுக்க முடிவதால் நரம்பு சரியாக இருக்கிறதாம். தொடரலாமா?

– வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

கப்பியை இப்போதைக்கு நிறுத்துங்கள். நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பக்கக் கழுத்தில் நெறி எடுத்த பின் கை உயரவில்லை என்றால் முதல் சந்தேகம் 11-ஆம் கபால நரம்பின் மேல்தான். அது மேல்கழுத்துத் தண்டுவடத்தில் புறப்பட்டு மண்டைக்குள் ஏறி, வெளியே இறங்கி, தலையைத் திருப்பும் தசைக்குக் கிளை கொடுத்துவிட்டு, முதுகை மூடியிருக்கும் ட்ரபீசியஸ் தசைக்குப் போகிறது. நடுவழியில் தோலுக்கு வெகு அருகே, நெறிகளை ஒட்டி ஓடுகிறது. அங்கே அடிபட்டால் தலை நன்றாகத் திரும்பும்; தோள் தொங்கும்.

குலுக்கல் சோதனை ஏமாற்றும். தோள்பட்டை எலும்பைக் கழுத்தோடு இணைக்கும் லெவேட்டர் ஸ்கேபுலே தசைக்கு, கழுத்துத் தண்டுவடத்தின் சி3, சி4 நரம்பு வேர்களிலிருந்து தனி நரம்பு வருகிறது. அதுவே தோளைத் தூக்கிக் காட்டிவிடும். உங்கள் மனைவியை மல்லாந்து படுக்கவைத்து, இன்னொருவர் கையைத் தூக்கிப் பார்க்கட்டும். காதுவரை தடையின்றிப் போனால் ஃப்ரோஸன் ஷோல்டர் இல்லை. (நான்கு மாதம் ஆனதால் கொஞ்சம் இறுக்கம் சேர்ந்திருக்கலாம்.) அடுத்து முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் தள்ளச் சொல்லி எதிர்த்துப் பிடிக்க வேண்டும். தோள்பட்டை எலும்பின் உள் ஓரம் முதுகிலிருந்து பிதுங்கினால் ட்ரபீசியஸ் பலவீனம். சுவரை முன்னால் தள்ளும்போது பிதுக்கம் கூடினால் அது விலாவிலிருந்து தோள்பட்டை எலும்புக்குப் போகும் செரட்டஸ் தசையின் கோளாறு, வேறு நரம்பு.

ட்ரபீசியஸ் இழுத்தால்தான் தோள்பட்டை எலும்பு மேல்நோக்கிச் சுழலும். சுழலாத எலும்பின் மேல் கப்பியால் கையை மட்டும் உயர்த்தினால் தசைநார் இடையில் நசுங்கும். வலி கூடாமல் என்ன செய்யும்?

உட்காரும்போது முன்கைக்கு அடியில் தலையணை வையுங்கள். அந்தக் கையில் குடம், பை வேண்டாம். மூட்டு இறுகாமலிருக்க, படுத்தபடி இடக்கையால் வலக்கையைத் தூக்கி இறக்கலாம்: 10 தடவை, தினம் மூன்று வேளை. பிறகு இடப்பக்கம் ஒருக்களித்து, தோள்பட்டை எலும்பை முதுகெலும்பை நோக்கி இழுத்து 5 விநாடி பிடிக்கட்டும்; பிசியோதெரபிஸ்ட்டின் கை வழிகாட்ட வேண்டும். தோள் காதை நோக்கி ஏறினால் மாற்றுத்தசை வேலை செய்கிறது, நிறுத்துங்கள். மார்புத் தசையை நீட்டலாம். ஏற்கெனவே தொய்ந்த மேல் ட்ரபீசியஸை நீட்டக் கூடாது, பலர் செய்யும் தவறு இது. காதின் கீழ் மடல் மரத்திருந்தால் சி2, சி3 கிளையும் அடிபட்டிருக்கலாம். அங்கே சூட்டு ஒத்தடம் கொடுத்தால் புண்ணாவது தெரியாது.

காசநோய் மாத்திரையைச் சந்தேகித்து நிறுத்திவிடாதீர்கள். காசநோய்க்குத் தரும் ஐசோநயசிட் மருந்து நரம்பைப் பாதிக்கும்தான்; ஆனால் அது இரு பாதங்களிலும் எரிச்சல், மதமதப்பாகத் தொடங்கும், ஒரு தோளை மட்டும் தொங்கவிடாது.

உடற்பயிற்சி அறுந்த நரம்பை ஒட்டவைக்காது. இந்த வாரமே இ.எம்.ஜி. (தசையின் மின் இயக்கத்தை அளக்கும் சோதனை) எடுங்கள். மீளும் அறிகுறி இல்லையென்றால், புற நரம்பு அறுவை தெரிந்த மருத்துவரை ஆறு மாதம் தாண்டுவதற்குள் பார்த்துவிட வேண்டும். ஓராண்டு கடந்தால் நரம்பைத் தைத்தாலும் தசை பெரும்பாலும் எழாது. வேறு தசையை இடம் மாற்றும் அறுவைதான் மிஞ்சும். இ.எம்.ஜி. சீட்டில் ட்ரபீசியஸின் மேல், நடு, கீழ் மூன்றையும் பார்க்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். மேல்பகுதிக்குச் சிலருக்குக் கழுத்து வேர்களிலிருந்தும் நரம்பு வருவதால் அதை மட்டும் பார்த்தால் போதாது.