தோட்டம்: கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எங்கள் கொல்லையின் தாழ்ந்த மூலையில், ஓடையை ஒட்டி ஓர் ஆப்ரிகாட் மரம் நிற்கிறது. ஆகஸ்டில் கிளை தெரியாமல் பூக்கிறது. ஒரு பிஞ்சுகூடத் தங்குவதில்லை. இன்னொரு மரம் ஜோடியாக வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?
– ஒரு வாசகி, ஹோவிக், குவாசுலு-நட்டால், தென்னாப்பிரிக்கா

பதில்: நர்சரிக்கு ஓடாதீர்கள், அம்மா. புலிடா, ராயல் போன்ற ரகங்கள் தம் மகரந்தத்தாலேயே காய்ப்பவை.

குளிரையும் திட்டாதீர்கள். இலையுதிர்த்து உறங்கும் மரத்துக்கு, 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிர் கிடைத்தால்தான் மொட்டு ஒழுங்காக விரியும். டர்பனில் இருக்கும் என் தங்கை ஆண்டுதோறும் கன்று கேட்கிறாள். மாவும் முருங்கையும் கொழிக்கும் ஊரில் இதை நட்டு என்ன பயன்? கொடுக்க மறுத்தால் கோபம் வேறு.

உங்கள் மரம் சீக்கிரம் விழித்துக்கொள்கிறது. மலைப்பக்கமிருந்து வெப்பக்காற்று இறங்கியதும் பூத்துவிடுகிறது. பிறகு ஓர் இரவு உறைபனி. மூடிய மொட்டு தாங்கும் குளிரை விரிந்த பூ தாங்காது. மைனஸ் 3 டிகிரி அளவிலேயே கருகத் தொடங்கும். பனி பெய்த மறுநாள் ஒரு பூவைப் பிளந்து பாருங்கள். நடுத்தண்டு கறுத்திருந்தால் அது காயாகாது. குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்தில்தான் தேங்கும். உங்கள் மூலையும் பள்ளம். ஓடைக்கரை ஈரம் வேருக்கும் ஆகாது. இளமரமானால் நம் குளிர்காலமான ஜூலையில், மரம் உறங்கும்போதே தோண்டி மேட்டுக்கு மாற்றுங்கள். முதிர்ந்த மரமானால், பூக்கும் நாட்களில் அடிமண்ணிலுள்ள சருகை விலக்கி, பகலில் நீர் ஊற்றுங்கள்; ஈரமண் வெயிலைச் சேர்த்து வைத்து இரவில் விடும். காற்றில்லாத தெளிந்த இரவுகளில் பனித்துணியைத் தரைவரை தொங்கவிட்டு மூடுங்கள். காலையில் எடுத்துவிட வேண்டும், தேனீ வர வேண்டுமே!

கேள்வி: ரோஜாவோடு சேர்த்து ஆப்ரிகாட்டையும் ஜூலையில் வெட்டலாமா?
– ஒரு வாசகர், மூய் ரிவர்

பதில்: வேண்டாம். போன பருவத்துக் கிளையிலும் குட்டைக் கிளைகளிலும்தான் இது பூக்கும். ஒட்ட வெட்டினால் பூவே போய்விடும். அறுவடைக்குப் பின் வெட்டுங்கள். மேற்கு கேப் மாகாணத்தின் மான்டேகு பக்கம் கோடை வறண்டது, அவர்களுக்குக் கவலையில்லை. நமக்கோ அது மழைக்காலம். ஈரக் காயத்தில் பூஞ்சை நுழையும். வானம் சில நாள் தொடர்ந்து வெளுத்திருக்கும்போது, பட்ட கிளையையும் உள்நோக்கி வளர்ந்ததையும் மட்டும் எடுங்கள். பிசின் வடிந்து காய்ந்துவரும் கிளையை, உள்ளே பழுப்பு தெரியாத இடம்வரை இறங்கி வெட்டி, வெட்டியதை எரித்துவிடுங்கள்.